யாழ்ப்பாணம் இப்ப பாதுகாப்போ?

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எடுக்கிற எந்த அழைப்பிலும் ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். "உங்க இப்ப ஒரே வெட்டும் கொத்துமாம். பிள்ளையள் வெளியில போய் வரலாமோ?" பதில் சொல்கிற நாங்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி "யாழ்ப்பாணம் கெட்டுப் போச்சு, இனி இருக்கேலாது" என்று பெருமூச்சு விடும். மற்றக் கட்சி "அதெல்லாம் யூடியூப்காரர் பெருப்பிக்கிற கதை, நாங்கள் நிம்மதியாத்தான் இருக்கிறம்" என்று கதையை முடித்துவிடும்.

இரண்டு கட்சியும் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோல்தான். கடைசியாக எப்போது வாள்வெட்டுச் செய்தி வந்தது? இந்தக் கிழமை வந்திருந்தால் யாழ்ப்பாணம் மோசம். மூன்று மாதம் வராவிட்டால் நல்லம். இந்த அளவுகோல் பிழை என்பதுதான் என் கருத்து. ஒரு ஊரில் எத்தனை குற்றம் நடந்தது என்று கேட்பதற்கு முதல், குற்றம் நடந்தவர் அதைப் போய்ச் சொல்லக்கூடியதாக இருக்கிறதா என்று கேட்கவேண்டும். அது இல்லாத ஊரில் எந்த எண்ணிக்கையையும் நம்பேலாது. குறைந்த எண்ணிக்கையைத்தான் இன்னும் நம்பேலாது.

குற்ற எண்ணிக்கை எப்படி உருவாகிறது என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். இலங்கைப் பொலிஸ் திணைக்களம் வருடாவருடம் பாரிய குற்றங்களின் அட்டவணையை வெளியிடுகிறது. கொலை, கொள்ளை, வீடுடைப்பு, வன்புணர்வு, கத்தியால் காயப்படுத்தல் என்று வகை பிரித்து, பொலிஸ் பிரிவு வாரியாகக் கணக்குக் கொடுக்கிறது. யாழ்ப்பாணம் ஒரு பிரிவு, காங்கேசன்துறை இன்னொரு பிரிவு. அந்த எண்கள் எல்லாம் குற்றங்களின் எண்ணிக்கை என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். உண்மையில் அவை பதியப்பட்ட முறைப்பாடுகளின் எண்ணிக்கை. ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும், உள்ளே இருப்பவர் அதைக் கேட்கவேண்டும், புத்தகத்தில் எழுதவேண்டும், சரியான வகைக்குள் போடவேண்டும். இந்த நாலு படியில் எதில் தடுக்கினாலும் அந்தக் குற்றம் நாட்டின் கணக்கில் நடக்கவே இல்லை.

இது எங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் இருக்கிற எங்கட ஆட்கள் வீடு வாங்க முதல் அந்த இடத்தின் போஸ்ட்கோடை அடித்து, அந்தத் தெருவில் என்ன குற்றம் நடந்தது என்று பார்க்கினம். 2011 இலிருந்து அங்கே பொலிஸ் தரவு வரைபடத்தில் மாதா மாதம் தெரு மட்டத்தில் வருகிறது. ஒரு சின்னப் பட்டணத்தில் இருக்கிறவருக்குக்கூட தன் சந்தியில் போன மாதம் எத்தனை களவு பதியப்பட்டது என்று தெரியும். ஆனால் அந்த நாட்டிலேயே 2014 இல் பொலிஸ் பதிவுகளைப் பரிசோதித்தபோது, பொலிஸுக்குச் சொல்லப்பட்ட குற்றங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று பதியப்படவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். வருடத்துக்கு சுமார் 8 இலட்சம் குற்றங்கள். அதே வருடம் பொலிஸ் பதிவு எண்களுக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிபரம்' என்ற தகுதியும் எடுக்கப்பட்டது. பதிவு திருந்தத் திருந்த எண்ணிக்கை கூடியது. பாலியல் குற்ற எண்ணிக்கை கூடியதற்கு, சனம் முன்வந்து சொல்லத் தொடங்கியதும் ஒரு காரணம். எண்ணிக்கை ஏறுவது சில நேரம் நல்ல செய்தி என்று இதனால்தான் சொல்கிறேன்.

இனி எங்கட ஊருக்கு வருவோம்.

திருநெல்வேலியைச் சுற்றி எத்தனை ஆயிரம் மாணவர்கள் வாடகை அறைகளில் இருக்கிறோம். மட்டக்களப்பு, வன்னி, மலையகம், தெற்கு என்று எல்லாப் பக்கத்தாலும் வந்தவர்கள். பரமேஸ்வராச் சந்தியில் இருந்து உள்ளே போகிற ஒழுங்கைகளில் ஏழு மணிக்குப் பிறகு நடக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைக்கிற மோட்டார் சைக்கிள், விளக்கு எரியாத மூலை, பின்னால் வந்து பெயர் கேட்கிறவன், பஸ்ஸில் சாய்கிறவன். இதைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். "பொலிஸுக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நாடளாவிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் செய்த ஆய்வின்படி, இலங்கையில் பெண்களில் 90 வீதமானவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள். பொலிஸ் உதவி கேட்டுப் போனவர்கள் மிகச் சொற்பம். வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் செய்த பெண்கள் நலன் ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணையிடமிருந்து உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் "யாழ்ப்பாணத்தில குற்றம் கூடிட்டுது" என்று கவலைப்படுகிற ஒருவரும் இந்த ஐந்தில் ஒருவரை எண்ணிக் கவலைப்படுவதில்லை. வாளோடு வருகிறவன் வெளி ஆள். கையை ஓங்குகிறவன் வீட்டு ஆள். முதலாமவன் செய்வது குற்றம், இரண்டாமவன் செய்வது குடும்பப் பிரச்சினை.

ஏன் ஒருவரும் போய்ச் சொல்வதில்லை? முதலாவது, மொழி. தமிழ் 1987 இல் அரசகரும மொழியாகிவிட்டது. வடக்குக் கிழக்கின் நிர்வாக மொழியும் தமிழ்தான். ஆனால் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத பக்கத்தில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் எத்தனையோ பேருக்குத் தெரிந்த ஒன்று. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தன் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது, ஊர். பொலிஸ் நிலைய வாசலில் நிற்பதைக் கண்டால் அடுத்த நாள் கோயில் வீதி வரைக்கும் கதை போய்விடும். பெண் என்றால் "ஏன் அந்த நேரம் அங்க போனவ?" என்ற கேள்விதான் முதலில் வரும். மூன்றாவது காரணம் சரித்திரம். சீருடை என்றால் சுற்றிவளைப்பு, சோதனைச்சாவடி, கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள் என்று நினைவு வைத்திருக்கிற சமூகம் இது. அந்த நினைவோடு இருக்கிற ஒரு அம்மா தன் மகளை பொலிஸ் நிலையத்துக்குத் தனியே அனுப்புவா என்று எதிர்பார்க்கேலாது.

வாள்வெட்டு சின்ன விசயம் என்று நான் சொல்லவில்லை. இரவில் முகத்தை மூடிக்கொண்டு, இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் வந்து, கேற்றைக் கொத்தி, யன்னல் கண்ணாடியை உடைத்து, நிற்கிற வாகனத்துக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போவது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அப்படி உடைபட்ட வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்கவேண்டும். அதன் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் நித்திரை கொள்ளுவதில்லை. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி ஆள் வைத்து அடிப்பித்ததாகப் பொலிஸ் சொன்ன சம்பவங்களும் இருக்கின்றன. "உங்க பாதுகாப்போ?" என்று கேட்கிற அதே வெளிநாட்டில் இருந்துதான் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

ஆனால் வாள்வெட்டைப் பற்றி நாங்கள் கதைக்கிற விதம் வேறு. அது கதையாக, வீடியோவாக, பெயராக மாறிவிட்டது. 'ஆவா' என்ற பெயரைத் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. 2016 நவம்பரில் அப்போதைய அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன, இந்தக் குழுவை உருவாக்கியதே முன்னைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்பு என்று பகிரங்கமாகச் சொன்னார். மற்றப் பக்கம் மறுத்தது. உண்மை எதுவாக இருந்தாலும், சனத்தின் மனதில் அது விட்டுப்போன சந்தேகம் பெரிது: பிடிக்கிறவர்களும் செய்கிறவர்களும் ஒன்றோ? இந்தச் சந்தேகம் இருக்கிற ஊரில் வெட்டு வாங்கியவரே ஆஸ்பத்திரியில் "விழுந்து காயப்பட்டது" என்று சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வாள்வெட்டுக்குப் பிறகும் முகநூலில் ஒரே பின்னூட்டம்தான். "உவங்களைச் சுட்டுத் தள்ளோணும்." எழுதுகிறவர்களில் எங்கட வயதுக்காரரும் இருக்கினம். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. சுட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாத விசயமா?

2016 ஒக்டோபர் 20 இரவு, எங்கட கலைப்பீடத்தின் மூன்றாம் வருட மாணவர்கள் இருவர் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் செத்துப்போனார்கள். முதலில் வந்த செய்தி, விபத்து. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளியே வந்தது. அதன் பிறகுதான் ஐந்து பொலிஸார் கைதானார்கள். மறித்தபோது நிற்கவில்லை என்பதுதான் சுட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம். "சுட்டுத் தள்ளு" என்று எழுதுகிறவர்கள், சுடுகிறவர் முதலில் தீர விசாரித்துவிட்டுச் சுடுவார் என்று கற்பனை பண்ணுகிறார்கள். இரவு பதினொன்றரைக்கு, இருட்டில், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் சைக்கிளில் இருக்கிறவர் ரவுடியா மாணவரா என்று குண்டு கேட்பதில்லை.

2023 நவம்பரில் வட்டுக்கோட்டை. களவுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட இளைஞர் ஒருவர், தடுப்பில் தன்னை எப்படி அடித்தார்கள் என்று சொல்லுகிற வீடியோவை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் உயிரோடு இல்லை. பொலிஸார் சிலர் கைதானார்கள். அடுத்த மாதமே 'யுக்திய' என்ற பெயரில் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை நாடு முழுவதும் தொடங்கியது. சில கிழமைக்குள் பல்லாயிரக்கணக்கான கைதுகள். தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் கைது எண்ணிக்கை வாசித்தார்கள். 2024 ஜனவரியில் ஐ.நா. நிபுணர்கள் அதை நிறுத்திவைத்து மீளாய்வு செய்யச் சொன்னார்கள். கைது எண்ணிக்கையும் ஒரு எண்தான். அது பாதுகாப்பின் அளவு அல்ல.

இதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. பொலிஸின் முதல் பதில் பொய்யாக இருந்த ஒவ்வொரு முறையும், அடுத்த நூறு முறைப்பாடுகள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. அந்த நூறில் ஒன்று வாளோடு திரிகிறவனைப் பற்றியதாக இருக்கலாம். ஆகவே அத்துமீறுகிற பொலிஸ் குற்றவாளியைப் பயப்படுத்துவதை விடச் சாட்சியைத்தான் கூடப் பயப்படுத்துகிறது.

மற்றப் பக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கூட்டாக வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளையைக் காணவில்லை என்று போன குடும்பத்துக்கு பொலிஸ் உரிய நேரத்தில் உதவவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. யாழ்ப்பாணம் முழுவதும் வீதிக்கு வந்தது. மே 20 அன்று நீதிமன்றக் கட்டடம் தாக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். பிரதான சந்தேகநபர் தப்ப உதவியதாக மூத்த பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரே பின்னர் கைதானார். கடைசியில் மூன்று தமிழ் நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் யாழ்ப்பாணத்தில் வழக்கைக் கேட்டு, 2017 செப்ரெம்பர் 27 அன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு நாளில் சனம் நீதிமன்றத்தைக் கல்லால் அடிக்கவில்லை, என்ன சொல்லப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றது. இரண்டரை வருடத்துக்குள் வந்த மாற்றம் அது. தங்கட மொழியில், தங்கட கண்ணுக்கு முன்னால், சாட்சி கேட்டு நடந்த விசாரணைதான் காரணம்.

அதே தீர்ப்பாயத்தில் இருந்த நீதிபதி இளஞ்செழியனின் வாகனத்துக்கு முன்னால் 2017 யூலை 22 அன்று நல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் ஹேமச்சந்திர உயிர் இழந்தார். சிலாபத்துச் சிங்களவர். நீதிபதி அந்தக் குடும்பத்தின் முன்னால் விழுந்து அழுததை முழு நாடும் பார்த்தது. யாழ்ப்பாணமும் அவருக்காகத் துக்கப்பட்டது. சீருடை மீதான கோபம் இனம் மீதான கோபம் என்று சொல்லுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டவேண்டும். காப்பாற்ற நின்றவரைச் சனத்துக்கு அடையாளம் தெரியும்.

எங்கட பெரியவர்களிடம் இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அந்தக் காலத்தில கதவு பூட்டாமல் படுத்தம். நகையோட பெட்டையள் தனியப் போய் வந்தவை." தொண்ணூறுகளின் தொடக்கத்தைச் சொல்கிறார்கள். களவு குறைந்திருந்தது என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய கதவுகள் எந்தக் கணக்கில்? மேலே விமானம் குண்டு போட்டது. கீழே மாற்றுக் கருத்துச் சொன்னவர்கள் காணாமல் போனார்கள். பயம் கூடிய இடத்தில் களவு குறையும். பயத்தைப் பாதுகாப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

பயத்தை வைத்துப் பாதுகாக்கிற பழக்கம் இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு மட்டும். "ஆறு மணிக்கு முதல் வந்திடு", "அந்த ஒழுங்கையால வராத", "போனைக் காதில வைச்சுக்கொண்டு வா". அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒழுங்கையில் நிற்கிறவனுக்கு நேரக்கட்டுப்பாடு இல்லை, நடந்து போகிறவளுக்கு மட்டும் இருக்கிறது. நூலகத்தில் இருந்து எட்டு மணிக்குத் திரும்புகிற சுதந்திரம் இல்லாத மாணவியின் படிப்பு நட்டம் எந்தக் குற்ற அட்டவணையில் வரும்?

சரி, என்ன செய்யலாம்? "மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் வரட்டும்" என்பது பெரிய பதில். 13ஆம் திருத்தத்தில் 1987 இலிருந்து எழுத்தில் இருக்கிறது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் அது வரும் வரைக்கும் சும்மா இருக்கிறதும் ஒரு சாட்டுத்தான்.

உடனே கேட்கக்கூடியவை மூன்று. ஒன்று, பொலிஸ் நிலையம் வாரியாக, தமிழில், குற்ற எண்ணிக்கையும் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் வெளியிடப்படவேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில் இருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுத ஒரு பின்னேரம் போதும். இரண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் எந்த நேரத்திலும் தமிழ் பேசுகிற பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். வாக்குமூலம் சொன்ன மொழியில் எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படவேண்டும். மூன்று, விளக்கு. திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. எந்த ஒழுங்கையில் எத்தனை விளக்கு எரியவில்லை என்ற பட்டியலோடு போனால் உறுப்பினர்கள் ஓடி ஒளியேலாது.

நாலாவது ஒன்று இருக்கிறது, அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் பொலிஸ் பதிவை மட்டும் நம்பாமல் 1982 இலிருந்து வீடு வீடாகக் கேட்கிற ஆய்வு ஒன்று நடக்கிறது. "கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது? பொலிஸுக்குச் சொன்னீர்களா? ஏன் சொல்லவில்லை?" அவ்வளவுதான் கேள்வி. கம்பஸில் சமூகவியல் இருக்கிறது, புவியியல் இருக்கிறது, சட்டம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பரமேஸ்வராச் சந்தியில் இருந்து கலட்டிச் சந்தி வரைக்கும் உள்ள வீடுகளையும் வாடகை அறைகளையும் எடுத்தால் ஒரு அரையாண்டு வேலை. பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். கேள்வி கேட்கிறவர் பெண்ணாகவும், கேட்டதை வெளியில் கதைக்காதவராகவும் இருந்தால் போதும். ஒவ்வொரு வருடமும் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். தலைப்பு வாசலில் நிற்கிறது.

அந்தக் கணக்கு வந்த பிறகும் வாள்வெட்டு இருக்கும், களவு இருக்கும். ஆனால் எந்த ஒழுங்கையில், எந்த நேரத்தில், யாருக்கு, என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்றும் தெரியும். பிரதேச சபையிடமும் பொலிஸிடமும் போகும்போது அந்தத் தாளைத்தான் மேசையில் வைக்கவேண்டும்.